படிப்பில் பின்தங்கும் பிள்ளை

கடன் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் அலுவலர்கள் கண்டு அஞ்சும் பதிவு ஒன்று உண்டு. அங்கத்தினர் ஒருவரால் தவணை நாளில் பணம் செலுத்த இயலவில்லை. அவர் பழைய கடனைக் கட்டிவிட்டதாக ஒரு வரவும், வட்டியையும் சேர்த்து அதே நாளில் புதுக்கடன் பெற்றதாக ஒரு பற்றும் எழுதப்படுகின்றன. ரொக்கம் ஒரு காசும் கைமாறுவதில்லை. பேரேட்டைப் புரட்டுவோர்க்கு அக்கணக்கு ஒழுங்காகவே தோன்றும். ஆண்டுதோறும் இவ்வாறே புதுப்பித்து வந்து, இனிப் புதுப்பிக்க வழியில்லை என்னும் நாள் வரும்போது, முதலில் சிறியதாக இருந்த பாக்கி எவராலும் கட்ட இயலாத தொகையாக வளர்ந்து நிற்கும்.

நம் பிள்ளைகளுள் சிலருடைய படிப்பும் இவ்வாறே ஏட்டளவில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்றிற்கும், மூன்றிலிருந்து நான்கிற்கும் செல்கிறது. வகுப்பு ஏற ஏறப் பாடம் கடினமாகிறது. பழைய பாக்கியோ அப்படியே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகக் கணக்கு வெளிப்படும்போது, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று தீர்ப்புக் கூறி, பெற்றோர் பிள்ளையைத் தறியிலோ வயலிலோ இறக்கிவிடுகின்றனர். பெண் பிள்ளையாயின் அத்தீர்ப்பு இன்னும் விரைவாகவே வந்துவிடுகிறது.

ஆண்டுதோறும் வகுப்பு மாற்றுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடமளித்த போதிலும், தமிழ்நாடு அவ்வழியில் செல்லவில்லை. இது நன்றே என்பது என் கருத்து. தவணை தவறிய விவசாயியின் உழவு மாட்டை ஜப்தி செய்தால், அவர் அடுத்த ஆண்டும் கட்டமாட்டார். பிள்ளையைத் தோழர்களிடமிருந்து பிரித்து அதே பெஞ்சில் மீண்டும் உட்கார வைப்பதும் அதுபோன்றதே. எனினும் அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட்டு, தேவைப்படுமாயின் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்றும், பெற்றோரை அவ்வப்போது கூட்டிப் பிள்ளையின் முன்னேற்றத்தைக் கூற வேண்டும் என்றும் விதித்திருப்பதை நம்மில் பலர் அறியோம். வகுப்பு ஏற்றுவது சட்டத்தின் ஒரு பாதி. பாக்கியைத் தீர்ப்பது மறுபாதி. முதற்பாதி தானே நடந்துவிடும். மறுபாதி பெற்றோர் கேட்டால் விரைவில் நடக்கும்.

இத்தகைய பிள்ளை தம் வீட்டில் மட்டுமே இருப்பதாக எண்ணிப் பெற்றோர் வெட்கப்படுவது தேவையற்றது. 'ஏசர்' எனப்படும் ஊரகக் கல்வி ஆய்வு 2022-இல் நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று பார்த்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் 20.5 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியை வாசித்தனர். ஐந்தாம் வகுப்பிலும் அதனை வாசித்தோர் 42.8 விழுக்காடே. அதற்கு முன் நிகழ்ந்ததை நினைவுகூர்ந்தால் இது வியப்பன்று. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020-இல் முதல் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட பிள்ளை, அகரம் கற்க வேண்டிய காலம் முழுவதும் வீட்டிலிருந்து, பின்னர் நேரே இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தது. அப்பிள்ளையின் பேரேட்டில் முதற்பாக்கி எழுதப்பட்ட நாளை நாம் தேதியுடனே சொல்லிவிடலாம்.

மற்றப் பிள்ளைகளுக்கு அந்நாளைத் தேடித்தான் காண வேண்டும். அதற்கு வழி, சங்கத்தில் நாங்கள் செய்யும் இருப்புச் சரிபார்ப்பே. மதிப்பெண் அட்டை என்பது பேரேடு. பிள்ளைக்கு உண்மையில் தெரிந்திருப்பதே சரக்கு. ஏட்டில் எழுதியிருக்கும் நூற்கட்டுகளைக் கிடங்கில் எண்ணிப் பார்க்காமல் எவரும் கையொப்பம் இடுவதில்லை அல்லவா? இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து, பிள்ளை எவ்வகுப்பில் இருப்பினும், ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். பத்தி வராவிடில் தனிச் சொற்கள். சொற்களும் வராவிடில் தனி எழுத்துகள். கணக்கிலும் இவ்வாறே இறங்கி வர வேண்டும்: முதலில் வகுத்தல், அது வராவிடில் கடன் வாங்கிக் கழித்தல், அதுவும் வராவிடில் 11 முதல் 99 வரையுள்ள எண்களை இனங்காணுதல். எவ்விடத்தில் பிள்ளை தடுமாறாமல் நிற்கிறதோ அதுவே இருப்பு. அதற்கு அடுத்த படியே நாம் தொடங்க வேண்டிய இடம்.

தமக்கே வாசிக்கத் தெரியாது என்று தயங்கும் அங்கத்தினர் இச்சோதனையைச் செய்ய இயலாது என்று எண்ண வேண்டியதில்லை. பிள்ளையின் விரல் எழுத்துகளின் மேல் வரிசையாக நகருகிறதா, படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துச் சொல்கிறதா, ஒரே பத்தியை இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் வாசிக்கிறதா என்பவற்றைக் காதும் கண்ணும் உள்ள எவரும் அறியலாம். ஒன்று மட்டும் முக்கியம். இச்சோதனையின்போது முகம் சுளிக்கலாகாது. தணிக்கையாளர் வந்தவுடனே திட்டத் தொடங்கினால் எந்த எழுத்தரும் உண்மையான ஏட்டை எடுத்து வைக்க மாட்டார்.

இருப்புத் தெரிந்தபின், அது ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் உடலைப் பார்ப்பதே முறை. கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை அதனைச் சொல்லாது. உலகமே அப்படித்தான் இருக்கும் என்று அது நினைத்திருக்கும். சளி பிடித்துக் காது அடைத்துக் கொள்ளும் பிள்ளை ஆசிரியரின் சொல்லில் பாதியை இழக்கும். ஆண்டுக்கொரு முறை அரசுப் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினர் இவற்றைப் பார்ப்பர். அவர்கள் வரும் நாளில் பிள்ளையைத் தார் சுற்ற நிறுத்திக் கொள்ளாமல் பள்ளிக்கு அனுப்புவது நம் பொறுப்பு. வெறும் வயிற்றுடன் செல்வதும் ஒரு காரணமாக இருந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தால் அக்காரணம் பெரிதும் குறைந்திருக்கிறது. பிள்ளை மணி அடிக்குமுன் பள்ளி சேர்ந்தால்தான் அந்த உணவு கிட்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டு மொழி. இது நம் நெசவாளர் ஊர்களுக்கே சிறப்பாக உரியது. மதுரை, பரமக்குடி, கும்பகோணம் ஆகிய ஊர்களில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகளும், கோவை, சேலம் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளும் நம் சங்கங்களில் ஏராளம். அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளித் தமிழ் இரண்டாம் மொழி. தமிழே பேசும் வீட்டுப் பிள்ளைக்குங்கூட, தான் 'வந்துச்சு' என்று சொல்வது புத்தகத்தில் 'வந்தது' என்று இருப்பது புதிரே. சௌராஷ்டிரத்திலும் தெலுங்கிலும் வெவ்வேறாக ஒலிக்கும் ஓசைகளுக்குத் தமிழில் ஒரே ககரம் நிற்கிறது. 'கல்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்றிலும் அது மூன்று விதமாக ஒலிக்கிறது. இத்தகைய பிள்ளையை மந்தம் என்பது பெருந்தவறு. அது ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்து கொண்டிருக்கிறது.

2024-இல் நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நூல் வழங்கும் நாள். அங்கத்தினர் ஒருவருடன் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகனும் வந்திருந்தான். சிட்டங்களை அவன் எண்ணிய வேகத்தையும், போன முறை மீதி எவ்வளவு என்று எழுத்தரை முந்திக்கொண்டு சொன்னதையும் கண்டு, "தம்பி நன்றாகப் படிப்பான் போலிருக்கிறதே" என்றேன். "படிப்பா சார்? தன் பெயரைத் தவிர எதையும் எழுதத் தெரியாது. ஆறாவதோடு நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார் தந்தை. பையன் தலை குனிந்து கொண்டான். வீட்டில் சௌராஷ்டிரம், முதல் வகுப்புக் காலமோ பள்ளி மூடியிருந்த காலம். இரு காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மனக்கணக்கில் புலியான அப்பையனுக்குக் கணக்குப் பாடத்திலும் மதிப்பெண் இல்லை. கணக்கு தெரியாமல் அன்று. வினாவை வாசிக்கத் தெரியாமல். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த அவனுடைய பெரியப்பா மகள் நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் அவனை உட்கார வைக்க இசைந்தாள். எட்டுத் திங்கள் கழித்து நான் மீண்டும் அங்குச் சென்றபோது, அவன் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தடையின்றி வாசித்தான். ஐந்தாம் வகுப்புப் புத்தகம் அப்போதும் வரவில்லை. ஆயினும் தந்தை தறியைப் பற்றிப் பேசவில்லை.

அப்பெண் கையாண்ட முறையில் புதுமை ஒன்றுமில்லை. வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து, சிறு குழுவாகக் கற்பிப்பதே அம்முறை. 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் மும்பையிலும் வடோதராவிலும் இதைக் கையாண்டபோது பின்தங்கிய பிள்ளைகள் முன்னேறியதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளியலறிஞர்கள் சோதித்து உறுதி செய்தனர். அவ்விருவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது இத்தகைய சோதனை முறைக்காகவே. நம் மாநிலத்தில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுக் கற்பிக்கப்படுகின்றனர். தம் பிள்ளை எந்நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் ஒரு நாளும் தவறலாகாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பது சிறுசேமிப்பை ஆண்டுக்கொருமுறை செய்வது போல, பயன் தராது. எழுத்துகளை 247 என்று அடுக்கி மனப்பாடம் செய்விப்பதைவிட, பிள்ளை நாள்தோறும் கையால் தொடும் பொருள்களின் பெயரிலிருந்து தொடங்குவது எளிது. தறி, நூல், பாவு, நாடா, அச்சு என்று சீட்டுகளில் எழுதி அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டலாம். உழவர் வீடாயின் நெல், வரப்பு, கதிர், மண்வெட்டி. 'நூல்' என்பதன் நகரமும் 'மண்' என்பதன் ணகரமும் 'தறி' என்பதன் றகரமும் பொருளோடு சேர்ந்து மனத்தில் நிற்கும்.

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் பெரிதும் இடறும் இடம் கொம்பு. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் குறி முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கும் பிள்ளை இங்குத் திகைப்பது இயல்பு. கொம்பையும் மெய்யையும் பிரித்துக் காட்டாமல், இரண்டையும் ஒரே சீட்டில் ஓர் உருவாக எழுதிப் பழக்க வேண்டும். தாத்தா பாட்டியர் கற்பிக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு: ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் பழைய வடிவம் 1978-இல் மாற்றப்பட்டது. யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்பை அவர்கள் அன்போடு எழுதிக் காட்டும்போது பிள்ளையின் குழப்பம் இரட்டிப்பாகிறது.

ஒரு சிறு பத்தியை எடுத்துக் கொண்டால் மூன்று நாள் அதையே வாசிக்கச் செய்ய வேண்டும். முதல்நாள் நாம் வாசிக்கப் பிள்ளை விரல் வைத்துத் தொடர்வது. இரண்டாம் நாள் சேர்ந்து வாசிப்பது. மூன்றாம் நாள் பிள்ளை தனியே. பிழை நேர்ந்தால் உடனே பாயாமல், வாக்கியம் முடியும்வரை பொறுத்து, பிழைத்த சொல்லைச் சுட்டினால் போதும். கணக்கிற்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைவிடச் சிறந்த கருவியை நான் காணவில்லை. 52-இலிருந்து 37-ஐக் கழிக்க, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் எடுத்து வைக்கிறோம். இரண்டில் ஏழு போகாது. ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டு. அதில் ஏழு போக ஐந்து. எஞ்சிய நான்கு கட்டில் மூன்று போக ஒன்று. விடை 15. வட்டியில்லாமல் கிடைக்கும் கடன் இது ஒன்றுதான் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், முறையும் மறக்காது. பெரிய பிள்ளைகளுக்கு நம் தொழிலிலேயே கணக்குகள் நிறைந்துள்ளன. ஓர் ஏக்கர் 100 சென்ட் என்பதில் தசமம் இருக்கிறது. ஒரு சிட்டம் 840 கெஜம், ஒரு பவுண்டிற்கு 40 சிட்டம் என்றால் 40-ஆம் நம்பர் நூல் என்பதில் பெருக்கலும் வகுத்தலும் இருக்கின்றன.

தனிப்பயிற்சிக்கு அனுப்புவோர்க்கும் ஒரு சொல். வீட்டுப் பாடத்தைப் பார்த்து எழுத வைத்து அனுப்பும் இடம் பாக்கியைத் தீர்ப்பதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதாகவே அது முடியும். அடிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் அதனைச் சட்டமே தடுத்திருக்கிறது. வீட்டில் அடிபட்ட பிள்ளை ஒன்றை மட்டும் விரைவில் கற்றுக் கொள்ளும்: புத்தகத்தை மறைத்து வைக்க.

ஆசிரியரைக் காணும்போது நம்மவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும், "டீச்சர், பையன் எப்படிப் படிக்கிறான்?" என்பதே. "பரவாயில்லை, கவனம் போதாது" என்பது விடை. இருவரும் திருப்தியோடு பிரிவர், ஒன்றும் நடந்திராது. "டீச்சர், இவன் இரண்டெழுத்துச் சொல் வாசிக்கிறான், கொம்பு வந்தால் நிற்கிறான், வீட்டில் இரவு இருபது நிமிடம் பார்க்கிறோம், நீங்கள் எதிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பவருக்கு வேறுவிதமான விடை கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். சங்கத்தின் மகாசபையில் உரக்கப் பேசும் நம் அங்கத்தினர்கள் இக்குழுவில் வாய் திறவாதிருப்பது எனக்கு விளங்காத ஒன்று.

இவ்வளவும் முறையாகச் செய்து பல திங்கள் கழிந்தும், பேச்சிலும் கைவேலையிலும் கூர்மையாயிருக்கும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் பிடிபடவில்லையெனின், 'டிஸ்லெக்சியா' என்னும் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். இது சோம்பலும் அன்று, அறிவுக் குறைவும் அன்று. மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வகையில் உள்ள வேறுபாடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் இதுவும் ஒன்று. வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைத் தலைமை ஆசிரியர் வழியாக அணுகலாம். முறையான சான்று பெற்ற பிள்ளைக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் உண்டு. சான்று வாங்கினால் பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று அஞ்சிக் காலம் கடத்துவோர், அதைவிடக் கொடிய 'மக்கு' என்னும் பட்டத்தைத் தாமே கட்டுகின்றனர்.

இனித் தறியைப் பற்றிய பேச்சு. கூலியும் முன்பணமும் நெருக்கும்போது இன்னொரு கை வேண்டியிருப்பதை நான் அறியாதவனல்லன். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை, பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் மட்டுமே, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். சட்டம் ஒருபுறமிருக்க, தொழிலையே எண்ணிப் பார்ப்போம். 1960-இல் சேலத்தில் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டயப் படிப்பிற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தறியே போதும் என்று ஏழாம் வகுப்பில் நிறுத்தப்படும் பிள்ளைக்குத் தறியிலேயே மேலே செல்லும் வழி அடைபடுகிறது. பத்தாம் வகுப்பில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் தேதியைத் தவறவிடுவோர் தொகை தேர்வில் தவறுவோர் தொகையைப் போலவே எனக்குக் கவலையளிக்கிறது.

சங்கங்கள் செய்யக் கூடியவை சில உண்டு. 1844-இல் கடை திறந்த ராக்டேல் முன்னோடிகள் சில ஆண்டுகளுக்குள் தம் உபரியில் 2.5 விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கி, கடையின் மாடியில் வாசக சாலை வைத்தனர். நம் சங்கக் கட்டடங்களில் மாலை ஆறு மணிக்குப் பின் பூட்டிக் கிடக்கும் அறைகள் பல. அங்கத்தினர் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் திருமணத்திற்கோ வேலைக்கோ காத்திருக்கும் பெண்களும் பலர். ஓர் அறை, ஒரு விளக்கு, இரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் பத்து, கற்பிப்பவருக்கு ஒரு சிறு மதிப்பூதியம். பொதுநல நிதி வைத்திருக்கும் சங்கங்கள், துணைவிதி இடந்தருமாயின், மகாசபைத் தீர்மானத்துடன் இதனை ஏற்கலாம். செலவே இல்லாத மற்றொன்றும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளிலேயே பல சங்கங்களில் நூல் வழங்குதலும் கூலிப் பட்டுவாடாவும் வைக்கப்படுவதைப் பார்க்கிறேன். பெற்றோர் எங்குச் செல்வர்? காரியதரிசிகள் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அந்நாளைக் கேட்டறிந்து, பட்டுவாடாவை மறுநாளைக்கு மாற்றி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதனைச் சேர்த்துவிடலாம்.